வெயில் வாங்காத பேட்டரி

மார்த்தாண்டத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலையில், ரப்பர் தோட்டங்கள் தொடங்குகிற வளைவில், ஒரு பேட்டரிக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் யாருடைய வண்டியையும் தொடமாட்டார். வண்டிக்குச் சொந்தக்காரன்தான் ஸ்பானரைப் பிடிக்க வேண்டும். அவன்தான் வயரைச் சீவ வேண்டும், மீட்டரைப் படிக்க வேண்டும், கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும். இவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார். அவ்வளவுதான்.

ஏன் என்று யாராவது கேட்டால், "காட்டுக்குள்ள வண்டி அணைஞ்சு நிக்கும்போ நானா கூட இருப்பேன்?" என்பார்.

ரேஷன் கார்டில் அவர் பெயர் வில்பிரட். ஊர் அவரை ஆசான் என்றது. அவருடைய அப்பா வர்ம வைத்தியம் பார்த்த ஆசான். மகனுக்கு எலும்பிலும் நரம்பிலும் நாட்டமில்லை. பட்டம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த கடையில் பஞ்சர் ஒட்டும் மீரான் அதற்கு ஒரு வால் வைத்து, "கை அழுக்காகாத ஆசான்" என்று கூப்பிடுவார்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்த நாட்களில் தாசையன் தன் வேனோடு அங்கே வந்து சேர்ந்தார். ஆசானைவிட வயதில் மூத்தவர். தேனீ வளர்ப்பவர். வேன் முன்னொரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது. இப்போது அதன் முன்பாதியில் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு விசிறி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ். பின்பாதியில் தேன்பெட்டிகள் அடுக்க இடம், நடுவில் வலை. கூரையில் சோலார் பலகை. கட்டிலுக்கு அடியில் பேட்டரி.

அந்த வேனில்தான் தாசையனும் தங்கை மேபலும் பல வருஷம் பூவுக்குப் பின்னால் போனார்கள். ரப்பர் தளிர்க்கும்போது மலை. முருங்கை பூக்கும்போது கிழக்கே. மேபலுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து தினமும் ஊசி. ஊசி போடுகிற பெண்ணைக் கேட்டு யாரும் வரவில்லை. அவளைத் தனியே விட்டுவிட்டு ஒரு பெண்ணைக் கேட்டுத் தாசையனும் எங்கும் போகவில்லை. பெற்றவர்கள் போன பிறகு அண்ணனும் தங்கையும்தான் ஒரு குடும்பம்.

போன ஐப்பசி மழையில் மேபல் இறந்துபோனாள்.

"ஆசானே, சார்ஜ் நிக்கமாட்டேங்குது" என்றார் தாசையன். "பகல் முழுக்க வெயில் அடிக்குது. ராத்திரி பாதியில எல்லாம் அணைஞ்சுபோவுது. மழைக்குப் பொறவு இது மூணாவது பேட்டரி."

"முதல் பேட்டரி மாத்தினவன் என்ன சொன்னான்?"

"பேட்டரி மோசம்னான்."

"ரெண்டாவதுக்கு?"

"அதுவும் மோசம்னான்."

"மூணாவதுக்கு?"

"அவன்கிட்ட போவல்ல. இங்க வந்தேன்."

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த மீரான் தலையைத் தூக்கினார். "ஓய் தேன்காரரே, இவருக்கிட்ட வந்தா வண்டி சரியாவாது. நீருதான் வேலை படிச்சிட்டுப் போவீரு."

"படிக்கதுக்குத்தான் வந்தேன்" என்றார் தாசையன்.

ஆசான் வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இடது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே தகரம் நசுங்கிப் புதிதாகக் கீறியிருந்தது.

"இது என்ன?"

"போன வாரம். முதல் நடை பெட்டி ஏத்திட்டுப் போகும்போ கண்ணு அடைஞ்சுபோச்சு. ஒரு சக்கரம் ஓடையில எறங்கிட்டு. ரெண்டு பெட்டி கவுந்து போச்சு."

"பகலிலயா?"

"காலம்பற. அந்தியில ஏத்தி வச்சு, நல்ல வெளிச்சத்துலதான் எடுத்தேன்."

"உறக்கம் இல்லியா அண்ணே?"

"சார்ஜ் இருந்தா உறங்குவேன்."

ஆசான் அதற்கு மேல் கேட்கவில்லை. தாசையன் தானாகவே சொன்னார்: "விசிறி நின்னுபோவும்லா. கொசு."

அது பாதி நிஜம். கட்டிலுக்கு அடியில், பலகைக்குப் பின்னால், ஒரு மெல்லிய சிவப்பு வயர் ஓடியது. அது தாசையனே இழுத்தது. அதை ஆசான் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தோடுதான் அவர் வேனை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்தால், வெட்டிப் போடு என்பார். அதை வெட்ட முடியாது.

வேறு வழியும் இல்லை. மிச்சப் பெட்டிகள் வீட்டுத் தென்னந்தோப்பில் கிடந்தன. காற்று மாறினால் ரப்பர் தளிர்த்துவிடும். தளிர்க்காம்பில் தேன் ஊறும். அந்த நேரத்தில் பெட்டி மலையில் இல்லையென்றால் ஈக்கள் வருஷம் முழுவதும் பட்டினிதான். உறவுக்காரர்கள் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்: உறங்காதவன் வண்டி ஓட்டக் கூடாது, வேனை விற்றுவிடு, பெட்டியை வேறு ஆளிடம் கொடு.

"மேல ஏறுங்க" என்றார் ஆசான்.

தாசையன் ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தார்.

"பலகையில என்ன தெரியுது?"

"மஞ்சப் புள்ளி."

"என்ன புள்ளி?"

தாசையன் கொஞ்சம் தயங்கினார். "ஈ பேண்டது."

மீரான் சிரித்ததில் தொட்டித் தண்ணீர் தளும்பியது. "அல்லாவே. சூரியனுக்கே கக்கூஸ் கட்டி வச்சிருக்காரு."

தேனீ கூட்டுக்குள் அசுத்தம் செய்யாது. பறக்கும்போதுதான் கழிக்கும். அது காய்ந்தால் மெழுகு மாதிரி இறுகிவிடும். முன்பெல்லாம் மேபல்தான் ஈரத்துணியோடு கூரையில் ஏறுவாள். "அண்ணா, உனக்க பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட எனக்குத்தான் விதி" என்பாள். மழைக்குப் பிறகு யாரும் துடைக்கவில்லை. துடைக்க வேண்டும் என்றே தாசையனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவர் தேய்த்துக் கழுவி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கீழே இறங்கினதும் ஆசான் கட்டிலைக் காட்டினார். தாசையன் பேட்டரி இருந்த பக்கத்துப் பலகையை மட்டும் தூக்கினார். மற்றதைத் தூக்கவில்லை.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

"இது யாரு பூசினது?"

"நான்தான். தேன்மெழுகு. துரு பிடிக்காம இருக்கணும்லா. பெட்டி ஆணிக்கெல்லாம் இதைத்தான் பூசுவோம்."

"முறுக்குறதுக்கு முன்ன பூசினியளா, பொறவா?"

"முன்ன. கடைக்காரன் மாட்டித் தந்ததை நான் கழத்தி, உள்ள வரைக்கும் நல்லா பூசி, பொறவு முறுக்கினேன்."

தாசையன் தன் கையில் ஒட்டின மெழுகைப் பார்த்தார். கட்டைவிரலால் உருட்டினார்.

"மெழுகு வழியா கரண்ட் போவுமா?" என்றார் ஆசான்.

"போவாது."

"பின்ன?"

தாசையன் ஸ்பானரை எடுத்தார். முனைகளைக் கழற்றிச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். முறுக்கி முடித்த பிறகு, வெளியே மட்டும் விரல்நுனியில் மெழுகு தொட்டுப் பூசினார்.

"நல்லதுதான் செஞ்சிருக்கிய" என்றார் ஆசான். "எடம் மாறிப்போச்சு."

சாயங்காலம், சோலார் பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவே சுவரில் மாட்டியிருந்த கன்ட்ரோலர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்குப் பிறகு தாசையன் அந்தப் பச்சையைப் பார்த்ததே இல்லை. அன்று வேனைக் கடைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

காலையில் ஆசான் கடை திறக்க வந்தபோது தாசையன் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. கையில் ஒரு சின்னத் தேன்குப்பி இருந்தது. ஆசானைக் கண்டதும் அதைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அணைஞ்சு போச்சு" என்றார்.

ஆசான் டீக்கு ஆள் விட்டார். டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். வெயில் கூரையில் விழுந்தது. கன்ட்ரோலரில் பச்சை வரவில்லை. சிவப்பு மினுங்கிக்கொண்டே இருந்தது.

"வெயில் அடிக்குதே ஆசானே."

"அடிக்குது."

"ஏன் ஏறல்ல?"

"இது வாங்கமாட்டேங்குது. கொஞ்சம் மிச்சம் இருக்கும்போ நிறுத்தினா மறுநாள் வெயிலை வாங்கும். தினமும் அடிவரைக்கும் வடிச்சா, வாங்கதுக்கே மறந்துபோவும். புது பேட்டரியானாலும் அப்படித்தான்."

"யாரு வடிக்கா?"

"அதைத்தான் பாக்கணும்."

மதியத்துக்குள் எப்படியோ கொஞ்சம் ஏறியிருந்தது. ஆசான் தன் மீட்டரைக் கொடுத்தார். கூரையிலிருந்து வரும் வயரைக் கழற்றச் சொன்னார். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை வைக்கச் சொன்னார். பேட்டரியை விட்டு என்ன போனாலும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

"வண்டியில இருக்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃப்யூஸ் உண்டு. ஒவ்வொண்ணாப் பிடுங்குங்க. எதைப் பிடுங்கும்போ மீட்டர் ஊசி விழுதோ, அதுதான் குடிக்குது."

சொல்லிவிட்டு ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அதுவும் அவர் வழக்கம்தான். அடுத்தவன் வண்டி மீட்டரை அவர் பார்க்கமாட்டார்.

தாசையன் விசிறியின் ஃப்யூஸைப் பிடுங்கினார். விளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் மோட்டாரைப் பிடுங்கினார். போன் சார்ஜ் போடுகிற முனையைப் பிடுங்கினார். ஃப்யூஸ் பெட்டி பல்லில்லாத வாய் மாதிரி ஆயிற்று. ஊசி நின்ற இடத்திலேயே நின்றது.

"எல்லாம் ஆச்சா?" என்றார் ஆசான், திரும்பாமல்.

"ஆச்சு."

"ஊசி?"

தாசையன் கட்டில் பலகையைப் பார்த்தார். பலகைக்குப் பின்னால் அந்தச் சிவப்பு வயர்.

"விழுந்தாச்சு."

"எதுல?"

"விசிறியில."

"அப்ப விசிறியைப் போடாதீங்க. வண்டி சரியாயிட்டு. போங்க அண்ணே."

ஆசான் திரும்பவே இல்லை. தாசையன் எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். மீட்டரைத் துடைத்து மேசைமேல் வைத்தார். வேனை எடுத்தார்.

முதல் ஏற்றம் வரைக்கும்தான் போனார். அங்கே இலையில்லாத ரப்பர் மரங்களின் கீழே ஓரமாக நிறுத்தினார். கண் எரிந்தது. கூரையில் வெயில் பொழிந்துகொண்டிருந்தது. பின்னால் ஃபிரிட்ஜ் மெதுவாக முனகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது.

பஸ் ஹாரன் அவரை எழுப்பியது. முழுக்க ஒதுங்காத வேனின் மூக்கு சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் ஜன்னலை எட்டிப் பார்த்து, "ஓய், உறங்கதுக்கு வீட்டுல பாய் இல்லியா?" என்றார்.

"இல்ல" என்றார் தாசையன்.

டிரைவர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பஸ்ஸை ஒதுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

தாசையன் வேனைத் திருப்பினார்.

ஆசான் அதே ஸ்டூலில் இருந்தார். தாசையன் இறங்கி வந்து முன்னால் நின்றார்.

"ஊசி விழல்ல, ஆசானே."

"தெரியும்."

"நீங்க பாக்கல்லியே."

"எல்லா ஃப்யூஸையும் பிடுங்கினப் பொறவும் ஃபிரிட்ஜ் முனகிச்சு. எனக்குக் காது இருக்குல்லா."

"பின்ன ஏன் போகச் சொன்னிய?"

"வண்டி உங்களுது."

தாசையன் உள்ளே போனார். மற்றப் பலகையையும் தூக்கினார். சிவப்பு வயர் வெளிச்சத்துக்கு வந்தது. ஃப்யூஸ் பெட்டிக்கும் போகாமல், கன்ட்ரோலருக்கும் போகாமல், ஃபிரிட்ஜிலிருந்து நேரே பேட்டரிக்கு ஓடியது.

ஆசான் படியேறி வந்து குனிந்து பார்த்தார்.

"கன்ட்ரோலர்ல கட்-ஆஃப் உண்டு. சார்ஜ் ஒரு அளவுக்குக் கீழ போனா, பேட்டரியைக் காப்பாத்த எல்லாத்தையும் அணைச்சுப்போடும். தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் இதைத் தனியா இழுத்தேன். மத்தது எல்லாம் அணையட்டும். இது அணையக் கூடாது."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

ஆசான் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக, காலியாக இருந்தது. ஒரு சின்ன விளக்கு எரிந்தது. குளிர் அவர் முழங்காலில் பட்டது. உடனே கதவை மூடினார்.

"குளிரு போயிரும்" என்றார்.

தாசையன் அதை எதிர்பார்க்கவில்லை. எதற்கு இந்தக் காலிப் பெட்டி என்ற கேள்விக்குத்தான் அவர் இத்தனை நாளும் பதில் தேடிவைத்திருந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அவளுக்க ஊசி மருந்து இதுலதான் இருக்கும்" என்றார் பிறகு. "குளிரு விட்டுப்போனா கெட்டுப்போவும். காட்டுக்குள்ள வேற மருந்துக்கு எங்க போவ? உறங்கும்போ எனக்க காது இதுலதான் இருக்கும். சத்தம் நின்னா எழும்பிருவேன். எழும்பி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற என்ஜினை ஓட்டுவேன். ஓட்டிட்டு அவளையும் ஒருக்கா பாப்பேன். நெத்தி வேர்த்திருந்தா சர்க்கரை எறங்கிட்டுன்னு அர்த்தம். தேனைத் தொட்டு நாக்குல வைப்பேன். கண்ணைத் திறக்காமலே சப்புவா. காலம்பற கேட்டா, ராத்திரி நல்ல சொப்பனம் அண்ணா, யாரோ பாயசம் தந்தாங்க என்பா."

வெளியே மீரானின் கடையில் காற்று ஏற்றும் இயந்திரம் ஓடி நின்றது.

"மருந்து ஒரு நாளும் கெட்டுப்போவல்ல, ஆசானே. ஒரு நாளும்."

"ஆமா."

"அவ போனது நெஞ்சுவலியில. ஆசுபத்திரியில. ஃபிரிட்ஜ் ஓடிட்டுத்தான் இருந்தது."

ஆசான் தலையசைத்தார்.

"அவ சொல்லுவா, நான் போனப் பொறவு இதுல மோரு வச்சுக் குடி அண்ணா, உனக்கும் ஒரு ஆறுதல் வேணும்லான்னு. அடக்கம் முடிஞ்சு வந்து இதை நிறுத்திப் பாத்தேன். நிறுத்தினா கண்ணே மூடல்ல. மறுபடி போட்டேன். இது முனகினா உறங்குதேன். ராத்திரி பாதியில பேட்டரி தீந்து இது நிக்கும். உடனே எழும்பிருவேன். தேன்குப்பியை எடுத்துட்டு அவ கட்டிலுக்கிட்ட போயிருவேன். அங்க போய் நின்னப் பொறவுதான்…"

எதிர்க் கட்டிலைப் பார்த்தார். மடித்த போர்வை ஒன்று அதில் இருந்தது.

"பொறவு யாருக்காக என்ஜினை ஓட்ட? அப்படியே இருப்பேன். விடிஞ்சிரும்."

ஆசான் அந்தப் போர்வையைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். முதல் இரண்டு பேட்டரிகளும் எப்படிச் செத்தன, இது ஏன் சாகக் கிடக்கிறது என்று இப்போது இருவருக்கும் தெரிந்திருந்தது.

"ஆசானே, இதை நிறுத்தணுமா?"

இத்தனை நாள் வேறு வேறு வார்த்தையில் தாசையன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஆசான் நேராகப் பதில் சொல்லவில்லை. "தேன் எடுக்கும்போ பெட்டியில இருக்கதை ஒட்ட எடுப்பியளா?" என்றார்.

"சேச்சே. அது பாவம். கொஞ்சம் விட்டுவைக்கணும்."

"எதுக்கு?"

"மழைக்கு ஈ என்னத்தைத் திங்கும்?"

"ஒட்ட எடுத்தா?"

"அடுத்த வருஷமும் பூ பூக்கும். எடுக்கதுக்கு ஈ இருக்காது."

சொல்லிவிட்டுத் தாசையன் பேட்டரியைப் பார்த்தார்.

ஆசான் மேசைக்குப் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். சிவப்பு வயரைக் காட்டினார்.

தாசையன் அதை வாங்கிக்கொண்டார். ஃபிரிட்ஜ் முனகியது. மெதுவாகக் குனிந்தார். வயரை இடது கையில் பிடித்தார். இதை இழுத்த அன்று மேபல் டார்ச் அடித்துக் காட்டினாள். "என் உயிருக்கு ரோடு போடுதியா அண்ணா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்போது அவருக்குக் கோபம் வந்தது.

பேட்டரிக்குப் பக்கத்தில் வெட்டினார்.

சத்தம் நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. அந்த வேனுக்குள் வேறு எந்தச் சத்தமும் இருக்கவில்லை. தாசையனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. தேன்குப்பியைத் தொட்டுவிட்டு வெறுமனே திரும்பி வந்தது.

அவர் வயரை வெளியே உருவப் போனார்.

"உருவாதீங்க" என்றார் ஆசான். "நுனியைச் சீவுங்க."

"எதுக்கு?"

"சீவுங்க அண்ணே."

தாசையன் சீவப் பார்த்தார். பிளேயர் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. ஆசான் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். வயரைத் தன் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதில் பழைய மெழுகும் கரியும் இருந்தது. அவர் விரல் கறுத்தது.

வாசலில் டயரை உருட்டிக்கொண்டு வந்த மீரான் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு டயரை உருட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

செம்பு நூல்கள் மினுங்கின.

"கன்ட்ரோலருக்கு நீட்டிக் கொண்டுபோங்க. விசிறி, விளக்கு எல்லாம் இருக்க எடத்துலயே. அதுங்க கூட இதையும் சேருங்க."

தாசையன் ஒரு துண்டு வயரை ஒட்டுப் போட்டு, சுவரோரமாக இழுத்து, கன்ட்ரோலரில் செருகி, திருகை முறுக்கினார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஃபிரிட்ஜ் குலுங்கியது. முனகத் தொடங்கியது.

தாசையன் அதைப் பார்த்தார். ஆசானைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொல்லுவியன்னு நெனச்சேன்."

ஆசான் பழந்துணியை எடுத்து விரலைத் துடைத்தார். கறுப்பு முழுக்கப் போகவில்லை.

"இந்தப் பேட்டரி பொழைக்குமா?" என்றார் தாசையன்.

"பொழைக்கும். மெதுவா. பெட்டியை எப்ப ஏத்துதிய?"

"காத்து மாறப் போவுது. நாளை அந்தியில ஏத்தணும். ஈ எல்லாம் கூட்டுக்கு அடைஞ்சப் பொறவு."

"ஏத்துங்க."

ஆசான் படியிறங்கினார். தாசையன் வேனுக்குள்ளேயே நின்றார். ஒரு கை ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. அதன் நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது.

"ஆசானே."

ஆசான் நின்றார்.

"ராத்திரி இது நிக்கும்லா?"

"நிக்கும். கொஞ்சம் மிச்சம் வச்சிட்டு நிக்கும்."

"நின்னா எனக்கு முழிப்பு வரும்."

"வரும்."

"முழிச்சா நான் என்ன செய்யணும்?"

கூரையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆசான் அதைப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணே. படுத்துக்கிடுங்க. வெயில் ஏறினா அதுவே ஓடும்."